திடீர்ச் செல்வமும் குடும்ப அமைதியும்

(திருவிழாவை முன்னிட்டு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இறைவன் சந்நிதியில் பிள்ளையின் கல்விக்காக வேண்டுவோர் உளர். பெற்றோரின் உடல்நலத்துக்காக வேண்டுவோர் உளர். அவர்களிடையே, 'நாலு நம்பர்' ஒன்றைக் கனவிலேனும் காட்டியருள்க என்று வேண்டுவோரும் உளர். பெரும்பரிசு விழுந்தால் கோபுரத் திருப்பணி செய்வதாக நேர்ந்துகொள்வோரும் உண்டு. சிங்கப்பூரின் டோட்டோவில் 49 எண்களுள் ஆறும் பொருந்தும் வாய்ப்பு 1,39,83,816-இல் ஒன்றே ஆகும். எனினும், அவ்வாய்ப்பு கைகூடினால் வாழ்வு என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஜாக் விட்டேக்கர் என்பவர் வாழ்ந்தார். கட்டுமானத் தொழிலில் உழைத்து உயர்ந்த செல்வர் அவர். 2002-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று 'பவர்பால்' குலுக்கலில் அவருக்கு 31 கோடியே 49 இலட்சம் டாலர் பரிசு விழுந்தது. மொத்தமாகப் பெற்று வரி செலுத்தியபின் ஏறத்தாழ 11 கோடி டாலர் கைக்கு வந்தது. அதில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயங்களுக்கு அளிப்பதாக அறிவித்தார். ஏழைகளுக்கு உதவ அறநிலையமும் நிறுவினார்.

ஆயினும் அமைதி நிலைக்கவில்லை. உதவி கேட்டு வந்த மடல்கள் மலைபோல் குவிந்தன, வழக்குகள் தொடர்ந்தன. 2003-இல் அவருடைய காரிலிருந்து ஐந்து இலட்சம் டாலருக்கு மேல் களவு போயிற்று. குடியும் சூதும் அவரைப் பற்றிக்கொண்டன. உயிரினும் மேலாகப் போற்றிய பேத்திக்குக் கேட்டதெல்லாம் வாங்கித் தந்தார். பணத்தையும் அள்ளி வழங்கினார். போதைப்பழக்கத்துக்கு ஆளான அப்பெண், 2004-இல் தம் 17-ஆம் வயதில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். 2009-இல் மகளும் மறைந்தார். மணவாழ்வும் முறிந்தது. 2020-இல் அவரும் காலமானார்.

பணத்தை ஆளத் தெரியாதவர் அல்லர் அவர். அறம் செய்யாதவரும் அல்லர். பின் எங்கே பிழை நேர்ந்தது? தொழிலால் வந்த செல்வத்தை அறிந்தவர் சிலர். பரிசால் வந்ததை நாடே அறிந்தது. அன்றுமுதல் அவரை நாடியவர்கள் அவருடைய பணத்தையே கண்டனர். அவரோ பேத்தியிடம் 'இல்லை' என்று சொல்ல ஒரு காரணமும் இல்லாதவரானார். வருவாய்க்கு அளவு இருக்கும் வீட்டில், மறுப்பும் அன்பின் ஒரு பகுதியாகிறது. அந்த அளவு ஒரே நாளில் மறைந்தபோது, பிள்ளையைக் காக்கும் வேலியும் உடன் மறைந்தது. கோவிலுக்குக் கொடுக்கும் காணிக்கை அவ்வேலிக்கு ஈடாகாது.

பொருள் ஈட்டுவதைத் தமிழ்மறை பழிக்கவில்லை. பொருட்பாலில் 'பொருள்செயல்வகை'க்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதே பாலில் 'சூது' என்னும் அதிகாரத்தையும் வைத்தார். பொருள் வரும் வழியும் பொருளைப் போலவே முக்கியம் என்பதை உணர இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இந்நாட்டில் எழுந்த ஆலயங்கள் பலவும் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து அளித்த சிறு தொகைகளால் எழுந்தவை. குலுக்கலை நம்பி எவரும் அவற்றுக்கு அடித்தளம் இடவில்லை. ஆகவே, சந்நிதியில் எண் கேட்பதை விடுத்து, உழைக்க உடல்நலமும், உள்ளதைப் பகிர நல்ல மனமும், பிள்ளைகளைத் தக்க நேரத்தில் மறுத்து வளர்க்கும் உறுதியும் வேண்டுவோமாக.

எல்லாம் வல்ல இறைவன் அனைவர் இல்லத்திலும் அமைதி தழைக்க அருள்புரிவானாக!