முன்னணையைக் காட்டுவோம்

மார்கழி பிறந்துவிட்டால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தெருவில் விடியற்காலைக் கோலமும், அடுத்த தெருவில் அந்தியில் ஒளிரும் காகித நட்சத்திரமும் கண்ணுக்கு விருந்தாகின்றன. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் வாழும் கிறித்தவ மக்கள், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாகப் போற்றுகின்றனர். காத்திருத்தலுக்கென்றே வகுக்கப்பட்ட காலம் அது. துணி எடுப்பதிலும் பண்டம் வாங்குவதிலுமே அது கரைந்துவிடாமல், பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு கழிப்பது எவ்வாறு என்பதே இன்றைய என் பேச்சு.

"அரையாண்டுத் தேர்வு நடக்கும் சமயத்தில் கதைப் புத்தகம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பர். நாள்தோறும் கால் மணி நேரம் உரக்க வாசித்ததனால் தேர்வில் பின்தங்கிய மாணவனை, தலைமையாசிரியனாக இருந்த காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை. நம் பகுதித் தாய்மார் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, பொழுது சாய்ந்தே வீடு திரும்புகின்றனர். நூலைக் கையில் எடுக்க அவர்களுக்கு நேரம் ஏது? தாய் அடுப்படியில் இருக்க, பிள்ளை அருகில் அமர்ந்து வாசிக்கட்டும். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் வாசிப்பவனின் உச்சரிப்புத் தானே திருந்தும். தாயின் களைப்பும் சற்றே ஆறும்.

எதனை வாசிப்பது? 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி இருக்கிறது. சூசையப்பரை 'வளன்' எனத் தமிழ்ப் பெயரிட்டுப் பாடும் அக்காப்பியம் 36 படலங்களைக் கொண்டது. திருமகன் பிறப்பைக் கூறும் மகவருள் படலம் அவற்றுள் பத்தாவது. படலத்துக்குச் சில பாடல்களாகத் தேர்ந்து, பெரியோர் பொருள் சொல்ல, டிசம்பர் முதல் நாள் தொடங்கினால், 24ஆம் நாள் இரவு அப்படலத்தை எட்டிவிடலாம். இளஞ்சிறார்க்கு அம்முனிவரே எழுதிய பரமார்த்த குருவின் கதை உண்டு. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பும் சீடர்களை எண்ணி வீடே சிரிக்கும்.

ஆனால் வாசிப்பு மட்டும் போதுமா? குழந்தை இயேசு கிடத்தப்பட்ட இடத்தை விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'முன்னணை' என்கிறது. மாட்டுக்குத் தீனியிடும் இடம் அது. முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் ஊர்ப் பிள்ளைகளோ, 'அணை' என்றவுடன் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையை நினைப்பது இயல்பே. தொழுவம் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு அகராதி மட்டும் எவ்வளவு உதவும்?

ஆகவே, தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் சுருளி அருவிக்கு நீராடச் செல்லும் குடும்பத்தார், வழியில் கம்பத்தில் இறங்கி, நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழுவையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மாட்டுப் பொங்கலன்று மக்கள் திரளும் இடம் அது. வைக்கோலின் மணத்தையும், சாணத்தின் ஈரத்தையும், பனிக்காலத்தில் மாட்டின் மூச்சு தரும் வெதுவெதுப்பையும் பிள்ளை உணரட்டும். அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால், இரவெல்லாம் மந்தையைக் காக்கும் கீதாரியிடம் இரண்டு வார்த்தை பேசட்டும். பெத்லகேம் இடையர் யார் என்பது அப்போது விளங்கும். நம் மலைமாடுகளுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கிவரும் காலம் இது. தொழு மறைந்தால் அதைச் சார்ந்த சொற்களும் மறையும் அன்றோ?

இது புதிய வழியன்று. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில், அசிசி நகர்ப் பிரான்சிஸ் அடிகள் வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டியுடன் உண்மையான எருதையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறப்பு விழாவை நடத்தினார். கேட்டறிந்ததை மக்கள் கண்ணாலும் காண வேண்டும் என்பதே அவர் கருத்து.

அவ்வாறு கண்டு வந்த பிள்ளை வீட்டில் குடில் அமைக்கும்போது, கடையில் விற்கும் நெகிழிக் குடிலை நாடாது. களிமண்ணும் வைக்கோலும் மூங்கிற்சிம்பும் தேடித் தானே செய்யும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து கைகொடுப்பர். அன்று அதிரசமும் முறுக்கும் ஏந்திச் செல்லும் தட்டு, மூன்று வாரத்தில் சர்க்கரைப் பொங்கலுடன் திரும்பி வரும். வெறுந்தட்டைத் திருப்பும் வழக்கம் நம் ஊரில் இல்லை.

பெற்றோர்களே, பண்டிகைக்குப் புத்தாடை எடுக்கும் நாளில் ஒரு புத்தகமும் வாங்குங்கள். மாலையில் கைப்பேசியைக் கால் மணி நேரம் ஒதுக்கி வைத்து, உங்கள் பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். வாசித்ததை ஒரு நாள் அழைத்துச் சென்று காட்டுங்கள். அப்பிள்ளை கொண்டாடும் பண்டிகை பொருள் உணர்ந்து கொண்டாடும் பண்டிகையாக இருக்கும்.