கணக்கேட்டைத் திறக்காமல் துறையை மூடாதே!

(உயர்கல்வி அரங்கில் பணியாற்றும் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உயர்கல்வி நிறுவனங்களில் பாடப்பிரிவு மூடலும் ஆட்குறைப்பும் தம் சொந்தப் பெயரில் வருவதில்லை. மறுசீரமைப்பு, நிதி ஒழுங்கு, மாற்றக் காலம் என்ற பெயர்களிலேயே வருகின்றன. துணைவேந்தர் வருத்தத்தோடு பேசுவார். எல்லோரும் சேர்ந்து இந்தக் கடினமான காலத்தைக் கடப்போம் என்பார். அந்த 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் வேலை இழப்பவர் யார், கடன் வாங்கியவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகும்.

பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு துறை மூடப்பட்டாலும் அந்நிறுவனம் தாக்குப்பிடிக்கும். சிறிய பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அதைச் சுற்றியுள்ள வட்டாரமே அதை நம்பி வாழ்கிறது. எனவே, அத்தகைய ஒரு நிறுவனத்தில் அண்மையில் நடந்ததை விரிவாகக் காண்பது நம் இயக்கத்துக்குப் பயன்தரும்.

சட்பரியில் நடந்தது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோவிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே உள்ள நகரம் சட்பரி. நிக்கல் சுரங்கங்களால் உருவான ஊர். 1978-79இல் இன்கோ கம்பெனிக்கு எதிராக ஏறத்தாழ 9 மாதங்கள் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். அங்கு 1960இல் நிறுவப்பட்டது லாரன்சியன் பல்கலைக்கழகம். ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் கற்பித்த பொதுப் பல்கலைக்கழகம் அது. சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினரும், பூர்வகுடி மக்களும் ஊரைவிட்டுப் போகாமல் பட்டம் பெற அது வழிசெய்தது.

2021 பிப்ரவரி 1 அன்று நிர்வாகம் நீதிமன்றத்தை அணுகி, கடன்களைத் திருப்பித் தர இயலாத நிலையில் இருப்பதாக அறிவித்துப் பாதுகாப்புக் கோரியது. அதற்கு அது பயன்படுத்தியது கடனில் மூழ்கும் தனியார் கம்பெனிகளுக்கான சட்டம். அந்நாட்டில் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் அந்தச் சட்டத்தின்கீழ் சென்றது அதுவே முதல் முறை.

ஆசிரியர் சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. நிதி நெருக்கடி வந்தால் கணக்குகளை வெளிப்படையாக ஆராய்ந்த பின்னரே ஆட்குறைப்பு பற்றிப் பேசலாம் என்பது அதன் சாரம். கம்பெனிச் சட்டத்தின் வழியே சென்றதால் அந்தப் பிரிவு ஓரங்கட்டப்பட்டது. பேச்சுவார்த்தைகள் மூடிய அறைக்குள் ரகசியமாக நடந்தன.

அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று 69 பாடப்பிரிவுகள் மூடப்பட்டன. அவற்றுள் 58 இளநிலை, 11 முதுநிலை மற்றும் ஆய்வுப் பிரிவுகள். 28 பிரிவுகள் பிரெஞ்சு வழியில் நடந்தவை. ஏறத்தாழ 110 ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பலருக்கும் அச்செய்தி கணினித் திரை வழியாகவே சொல்லப்பட்டது. நாட்டிலேயே இரு மொழிகளிலும் பேறுகாலச் செவிலியரை உருவாக்கிவந்த ஒரே பட்டப் படிப்பு மூடப்பட்டது. இயற்பியல் மூடப்பட்டது. அதே ஊரில், 2 கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்துக்குள் நடந்த நியூட்ரினோ ஆய்வுக்குத்தான் 2015ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்திருந்தது. இணைப்பில் இருந்த மூன்று சிறு பல்கலைக்கழகங்களுடனான உறவும் முறிக்கப்பட்டது. பூர்வகுடி மக்களைப் பற்றிய கல்வி அவற்றுள் ஒன்றில்தான் நடந்துவந்தது.

கடன் யாருடையது?

ஆசிரியர் சம்பளம் மிகுந்துவிட்டது, மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது என்ற பேச்சே முதலில் பரவியது. மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் போனி லைசிக் ஆய்வு தொடங்கியபோது முழு ஆவணங்களைத் தர நிர்வாகம் மறுத்தது. சபாநாயகரின் ஆணை வழியே அவற்றைக் கேட்கும் நிலைக்குச் சட்டமன்றம் தள்ளப்பட்டது. 2022 நவம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கை உண்மையைச் சொன்னது. நிதிச் சீரழிவின் முதன்மைக் காரணம், சரிவர ஆராயாமல் கடன் வாங்கிச் செய்த கட்டட விரிவாக்கம். உயர் நிர்வாகப் பதவிகளுக்கான செலவும் பெருகியிருந்தது. ஆய்வுக்கென வந்த நிதி தனியே வைக்கப்படாமல் அன்றாடச் செலவில் கலந்திருந்தது. கம்பெனிச் சட்டத்தின்கீழ் சென்றே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. நிர்வாகம் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த வழி அது.

மாகாண அரசுக்கும் இதில் பங்குண்டு. 2019இல் அது கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, அந்த அளவிலேயே நிறுத்திவைத்தது. கட்டணக் குறைப்பு மாணவர்களுக்கு நல்லதே. ஆனால் அதனால் ஏற்பட்ட இழப்பை அரசு மானியத்தால் ஈடுசெய்யவில்லை.

வழக்குரைஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பணிநீக்கம் பெற்றவர்களோ தமக்குச் சேர வேண்டிய தொகைக்குக் கடனீந்தோர் வரிசையில் நின்று, அதில் ஒரு சிறு பகுதியையே பெற்றனர். கடைசியில் மாகாண அரசு வளாகத்தின் சொத்துக்கள் சிலவற்றை 5.35 கோடி டாலர் வரை கொடுத்து வாங்க முன்வந்தது. அதாவது பொதுப்பணம் இருந்தது. ஆசிரியர்கள் வெளியேறிய பிறகுதான் அது வந்தது.

ஆயினும் போராட்டம் வீண்போகவில்லை. ஆசிரியர் அமைப்புகள் நாடெங்கும் நடத்திய இயக்கத்தின் விளைவாக, பொதுக் கல்வி நிறுவனங்கள் இனி அந்தக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் செல்ல முடியாதவாறு 2024இல் கனடிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. லாரன்சியன் ஆசிரியர்களுக்கு அது காலம் கடந்த வெற்றி. பிற பல்கலைக்கழகங்களுக்கு அது அரண்.

நம் நாட்டில்

இது தொலைவில் நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. 2017இல் ஒன்றிய அரசு உயர்கல்வி நிதி முகமையை அமைத்தது. கட்டடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் முன்பு மானியமாகக் கிடைத்தது அதன் வழியே கடனாக மாறியது. திருப்பிச் செலுத்தும் சுமையில் ஒரு பகுதி நிறுவனங்களின் சொந்த வருவாயின்மீது விழுகிறது. சொந்த வருவாய் என்பதன் பொருள் பெரும்பாலும் மாணவர் கட்டணமே. கட்டடக் கடனிலிருந்து துறை மூடல்வரை செல்லும் பாதையைச் சட்பரி காட்டிவிட்டது.

டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். 2024 ஜூன் 28 அன்று 55 ஆசிரியர்களுக்கும் ஏறத்தாழ 60 ஊழியர்களுக்கும் பணிநீக்க அறிவிப்பு வந்தது. டாட்டா கல்வி அறக்கட்டளையின் நிதி நின்றுபோனது காரணமாகக் கூறப்பட்டது. ஆசிரியர்களில் 20 பேர் மும்பை, 15 பேர் ஐதராபாத், 14 பேர் குவாஹாட்டி, 6 பேர் துல்ஜாபூர் வளாகங்களைச் சேர்ந்தவர்கள். அடி பெரும்பாலும் சிறிய வளாகங்கள்மீதே விழுந்தது. பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தியவர்களும் 'திட்டப் பணியாளர்' என்ற பெயரில் இருந்ததால் ஒரே கடிதத்தில் அவர்களை வெளியேற்ற முடிந்தது. எதிர்ப்பு எழுந்தது, நிதி தொடரும் என அறக்கட்டளை உறுதியளித்தது, ஜூன் 30 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த ஒப்பந்த முறை திரும்பப் பெறப்படவில்லை.

நம் பணிகள்

முதலாவது, கணக்கைக் கேட்பதற்கு நெருக்கடி வரும்வரை காத்திருக்கலாகாது. கடன் எவ்வளவு, எதற்கு, யார் ஒப்புதலில் என்பதை ஆண்டுதோறும் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. ஆட்சிக்குழுவிலும் கல்விக்குழுவிலும் உறுப்பினராக உள்ள தோழர்கள் வரவுசெலவு அறிக்கையைப் படிக்கப் பழக வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், அதைச் செய்யாத சங்கம் கடைசி நாளில் நிர்வாகம் நீட்டும் எண்களையே நம்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நிரந்தர ஆசிரியர், ஒப்பந்த ஆசிரியர், அலுவலக ஊழியர், துப்புரவுப் பணியாளர், மாணவர் ஆகிய அனைவரையும் கொண்ட கூட்டுக்குழு வேண்டும். ஒப்பந்தப் பணியாளரை முதலில் விட்டுக்கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்று நிரந்தரப் பணியாளர் எண்ணினால், அடுத்த பட்டியலில் அவர் பெயரே இருக்கும்.

மூன்றாவது, எல்லா மாற்றத்தையும் எதிர்ப்பது நம் நிலைப்பாடு அன்று. மாணவர் வராத பாடப்பிரிவை மாற்றியமைக்க வேண்டிய தேவை உண்மையாகவே எழலாம். அதைக் கல்விக்குழு வெளிப்படையாக விவாதித்து முடிவெடுக்க வேண்டும். சேர்ந்துவிட்ட மாணவர் அதே வளாகத்தில், அதே கட்டணத்தில் பட்டத்தை முடிக்க எழுத்துவழி உறுதி வேண்டும். ஆசிரியர் வேறு துறையில் பணியாற்றப் பயிற்சியும் காலமும் தரப்பட வேண்டும். ஒரு பாடத்தை மதிப்பிடச் சேர்க்கை எண்ணிக்கை மட்டும் போதாது. சிறுபான்மை மொழியும் தத்துவமும் அந்த அளவுகோலில் எப்போதும் தோற்கும்.

நான்காவது, வளாகத்துக்கு வெளியே செல்ல வேண்டும். ஒரு துறை மூடப்பட்டால் எந்த ஊரின் எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை இழக்கிறது என்பதைத் தொழிற்சங்கங்களிடமும் விவசாயிகள், மாதர் அமைப்புகளிடமும் எடுத்துச்சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் வட்டார மக்களின் சொத்து என்ற உணர்வு முன்பே வேரூன்றியிருந்தால், மூடிய அறையில் அதைப் பங்கிடுவது எளிதாக இராது.

தோழர்களே! நெருக்கடியில் ஒரு சமூகத்துக்குத் தலைமை தாங்குவது என்றால் இழப்பைப் பக்குவமாகச் சொல்லிப் பழக்குவது என்றே நிர்வாகவியல் போதிக்கிறது. அந்த இழப்பு தேவைதானா என்று முதலில் கேட்பதும், கேட்பவரைத் தனித்து நிற்க விடாமல் அணிதிரட்டுவதுமே நம் இயக்கம் அறிந்த தலைமை. எந்த வளாகத்திலாவது மூடல் அறிவிப்பு வந்தால், அங்குள்ள தோழர்கள் எழுப்ப வேண்டிய முதல் முழக்கம் இதுவே: கணக்கேட்டைத் திறக்காமல் துறையை மூடாதே!