வேலியோரத்து இன்பம்

இயற்கையழகைக் கண்டு மகிழ விரும்புவோர் நெடுந்தூரம் பயணஞ் செய்தல் வேண்டும் என்ற எண்ணம் பலரிடத்தே உண்டு. விடுமுறை வந்ததும் நுவரெலியாவின் குளிரையும், தியலும நீர்வீழ்ச்சியின் பொழிவையும், யாலக் காட்டின் யானைக் கூட்டத்தையும் நாடிச் செல்கின்றனர். அவை யாவும் காண்டற்குரியனவே. எனினும், ஆண்டொன்றில் மூன்று அல்லது நான்கு நாள்களுக்கே அவ்வின்பம் வாய்க்கும். எஞ்சிய நாள்களுக்குரிய இன்பம் எங்கே உளது என்று வினவினால், யாழ்ப்பாணத்துக் குடியானவன் ஒருவன் தன் வளவின் எல்லையைச் சுட்டிக் காட்டக்கூடும். அங்கே தளிர்த்து நிற்கும் வேலியே அவனுக்கு நாள்தோறும் கிடைக்கும் பூங்கா. அவ்வேலியின் இயல்பையும், அதனால் விளையும் நன்மைகளையும், இன்று அதற்கு நேர்ந்துள்ள இடரையும் நேயர்கள் சிறிது சிந்தித்தல் நன்று.

யாழ்ப்பாணத்து வேலி உயிருள்ள வேலி. பிற இடங்களில் வெட்டிய மரத்தூண்களை நட்டு, அவற்றிற் கம்பியைப் பூட்டுவர். இங்கோ நடப்படும் கதியால்கள் தாமே வேர்விட்டுத் தழைத்து மரங்களாகின்றன. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவை இவ்வேலிக்குப் பெரிதும் பயன்படுவன. இவற்றின் கொப்பொன்றை வெட்டி மண்ணில் ஊன்றினால், மாரிமழையின் ஈரங்கண்டதும் அது துளிர்த்துவிடும். விதையும் வேண்டா, நாற்றுமேடையும் வேண்டா, விலைகொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. அயலான் வேலியிற் கழித்த தடியே புதிய வேலிக்கு முதலாகின்றது. கதியால்களின் இடைவெளியைப் பனையோலையாலோ கிடுகாலோ அடைத்து, கருக்குமட்டையை வரிந்து கட்டினால் வீட்டுக்கு மறைப்பும் காவலும் ஒருங்கே அமைந்துவிடும்.

இம்மரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழகு உண்டு. பூவரசின் மலர் மஞ்சளாக மலர்ந்து, பொழுது செல்லச் செல்லச் செம்மை படர்ந்து, வாடி உதிர்கின்றது. அதன் இலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்யாத சிறுவர் அக்காலத்துக் கிராமங்களில் அரியர். கிளுவை கோடையில் இலையுதிர்த்து நின்றாலும், அதன் பட்டையிலுள்ள பசுமை நீங்குவதில்லை. வாசனைப் பொருளாகத் தொன்றுதொட்டுப் போற்றப்படும் வெள்ளைப்போளத்தைத் தரும் மரம், தாவர நூலாரின் வகுப்பின்படி இக்கிளுவைக்கு நெருங்கிய உறவு. முள்முருக்கோ மாசி, பங்குனி மாதங்களில் இலையின்றி நின்று, தீக்கொழுந்து போன்ற செம்மலர்க் கொத்துகளை ஏந்துவது. கலியாணமுருக்கு என்ற பெயரும் அதற்கு உண்டு. மணவீட்டில் அதன் தடியைக் கன்னிக்காலாக நட்டு, அது தழைப்பதுபோல மணமக்களின் குடியும் தழைக்க வேண்டும் என்று பெரியோர் வாழ்த்துவர். மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கிளுவை பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. எனினும், மென்மையான இளஞ்சிவப்பு மலர்களோடு அதுவும் இம்மண்ணுக்குரியதாகிவிட்டது.

மரங்களை அண்டிக் கொடிகள் வாழ்கின்றன. முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, மொசுமொசுக்கை, கொவ்வை முதலியன விதைப்பாரின்றியே வேலியிற் படருவன. மாரிகாலத்தில் இல்லத்தரசி ஒருத்தி வேலியோரமாக நடந்து வந்தாளாயின், அன்றைய வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் வேண்டியவை அவள் கைக்கு எட்டிவிடும். எந்தக் கொடி எம்மாதத்தில் தளிர்க்கும், எந்த இலை சளிக்கு உகந்தது என்னும் அறிவைத் தாய்மாரிடமிருந்து பெண்மக்கள் பெற்றுக்கொண்டது வேலியோரத்திலேயாம்.

இனி, அங்கே கூடும் உயிர்களை நோக்குவோம். பொழுது புலர்ந்ததும் புலுனிக் கூட்டமொன்று கலகலவென்று ஒலியெழுப்பி வேலியடியிற் சருகைக் கிளறும். அப்பறவைகள் தனித்து வாழ்வதில்லை. ஆறேழு சேர்ந்தே இரைதேடும். ஒன்று உயரத்தில் அமர்ந்து காவல் புரியும். செம்மண்ணிறச் சிறகுடைய செண்பகம் தாழ்ந்த கிளைகளுக்கிடையே நடந்து நத்தையையும் ஓணானையும் புழுக்களையும் தேடும். தையற்சிட்டு பெரிய இலையின் ஓரங்களை நாராலும் சிலந்தி நூலாலும் இணைத்து, அதனுள்ளே கூடு அமைக்கும். முருக்கு மலருங் காலத்தில் மைனாவும் காகமும் தேன்சிட்டும் தேனுண்ண வந்து குழுமும். இக்காட்சிகளைக் காணக் கட்டணம் இல்லை, பயணமும் இல்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும், நோயுற்று வெளியே செல்ல இயலாதவருக்கும், பள்ளிக்குப் புறப்படும் சிறுவனுக்கும் அவை ஒரே தன்மையாகக் கிடைக்கின்றன. இவ்வின்பத்தின் சிறப்பு இதுவேயாகும்.

கண்ணுக்கு விருந்தாவதோடு வேலியின் பணி முடிவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை கொப்புகளைக் கழித்து, அக்குழைகளைத் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பது யாழ்ப்பாணத்து உழவரின் பழைய வழக்கம். புகையிலைக்கும் நெல்லுக்கும் அது நல்ல பசளை. முள்முருக்கும் சீமைக்கிளுவையும் அவரையினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உரமாக்கித் தருகின்றன. ஆட்டுக்குக் குழையும், அடுப்புக்கு விறகும் வேலியிலிருந்தே வருவன. வைகாசி முதல் வீசும் சோளகக் காற்று தோட்டத்துச் செம்மண்ணைப் புழுதியாக வாரிச் செல்லாது தடுப்பதும், வெயிலில் ஒழுங்கை வழியே நடப்போருக்கு நிழல் தருவதும் அதன் பணிகளே.

நீரைப் பொறுத்தமட்டில் இவ்வேலியின் உதவி தனித்து எண்ணத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பொழியும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்கும் நீரையே கிணறுகள் தருகின்றன. வேலியின் வேர்களும் அடியிற் கிடக்கும் சருகும் மழைநீரின் ஓட்டத்தைத் தணித்து, நிலத்துள் இறங்க வழி செய்கின்றன. இருபுறமும் சீமெந்து மதில் எழுந்து, நடுவே ஒழுங்கையும் சீமெந்தால் மூடப்பட்டால், அந்நீர் இறங்க இடமின்றித் தேங்கி நிற்கும். அன்றேல் வாய்க்கால் வழியே கடலை அடையும். மாரியில் வெள்ளமும் கோடையில் கிணற்றுவற்றலும் ஓரூரிலேயே நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மக்களின் வாழ்விலும் வேலிக்கு ஓர் இடம் இருந்தது. ஆண்டுதோறும் வேலியடைக்கும் நாளில் அயலார் கூடி உழைத்தனர். இரு வளவுகளுக்கிடையே வேலியில் விடப்பட்ட சிறு பொட்டு வழியாகக் கறிக்கிண்ணமும் செய்தியும் சென்று வந்தன. தெருவோரத்தில் கூரையிட்ட சங்கடப் படலை, வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் அளித்தது. ஆனால், எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று கூறுவதும் பொருந்தாது. கதியாலை இரவோடிரவாக ஓரடி தள்ளி நட்டதால் எழுந்த பகைகளும், நீதிமன்றம் வரை நீண்ட வழக்குகளும் பல. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், தொகுக்கப்பெற்ற தேசவழமையில், எல்லை கடந்து சாய்ந்து வளரும் மரத்தின் பலன் எவருக்குரியது என்பதற்கும் விதிகள் இடம்பெற்றுள்ளன. வேலி மக்களுடைய வாழ்வோடு எவ்வளவு பின்னியிருந்தது என்பதற்கு அவர்தம் சண்டைகளும் சான்றாகின்றன.

இத்தகைய வேலி இன்று குறைந்து வருகின்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இதற்கு ஒரு பெருங் காரணம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வேளையில் வீடுவாசல் விட்டு வெளியேறினர். வடபகுதிக் கிராமங்கள் சிலவற்றுக்கு மக்கள் திரும்பிச் செல்ல இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆளற்ற வளவுகளில் வேலிகள் சில பட்டொழிந்தன, சில காடாயின. கிணற்றையும் முதிர்ந்த மரங்களையும் அடையாளமாகக் கொண்டே தம் எல்லையை இனங்கண்டோர் பலர். மீண்டு வந்தோருட் பலர் மதிலையே விரும்பினர். வேலியடைக்க ஆளில்லை, கூலி உயர்ந்துவிட்டது, பிள்ளைகள் வெளிநாடுகளில் வாழ்கின்றனர், வீட்டில் முதியவர் மட்டும் தனித்திருக்கின்றனர். இவற்றோடு முள்முருக்குக்குத் தனியே ஒரு கேடும் நேர்ந்தது. அறிவியலாளர் 2004ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெயரிட்டு விவரித்த ஒரு சிறிய குளவி, முருக்கின் தளிரிலும் காம்பிலும் முட்டையிட்டு அவற்றைப் புடைக்கச் செய்து, ஆசிய நாடுகள் பலவற்றிலும் பசிபிக் தீவுகளிலும் இம்மரத்தை நலிவித்தது.

மதிலை நாடுவோர் கூறும் நியாயங்களைப் புறக்கணித்தல் ஆகாது. காவலின்றித் தனித்து வாழும் முதியவளுக்கு மதில் தரும் துணிவை வேலி தராது. மாரிகாலத்தில் பூவரசிலும் முருக்கிலும் மயிர்க்கொட்டி மொய்க்கும்போது குழந்தைகளுள்ள வீட்டார் அஞ்சுவதும் இயல்பே. ஆயினும், இவற்றுக்கு மாற்று வழி இல்லாமலில்லை. மாரிக்கு முன்னரே கொப்புகளைக் கழித்துவிட்டால் மயிர்க்கொட்டியின் தொல்லை பெரிதுங் குறையும். எஞ்சியவற்றை விரும்பியுண்ணும் குயிலினப் பறவைகளும் அவ்வேலியையே நாடி வருவன. பறவைக்கு மறைவிடமான செடிகொடிகளை முற்றாக அழித்தபின் பூச்சி மிகுந்ததென்று வருந்துவதிற் பயனில்லை.

மதில் இன்றியமையாதது எனக் கருதுவோர், அதனைத் தெருப்பக்கத்தோடு நிறுத்தி, அயலவர் எல்லைகளில் உயிர்வேலியை விட்டுவைக்கலாம். நாற்புறமும் மதில் எழுப்பியவர்கூட அதன் உட்புறத்தே ஒரு வரிசைக் கிளுவையையும் பூவரசையும் நட இடமுண்டு. பாடசாலைகளும் கோயில்களும் தங்கள் வளவின் ஒரு பக்கத்தையேனும் இவ்வாறு பேணினால், அங்கு பயிலும் மாணவர் மரங்களின் பெயர்களை ஏட்டிலன்றி நேரிற் கற்பர். பெயரறியாத பொருளிடத்து அன்பு பிறப்பது அரிது. புலுனியையும் செண்பகத்தையும் வேறுபிரித்து அறியும் சிறுவன், அவற்றின் கூட்டைக் கலைக்கக் கையோங்குமுன் ஒரு கணமேனும் தயங்குவான்.

சுற்றாடலைப் பேணுதல் என்றவுடன் அது அரசாங்கத்தின் கடமை, அறிஞர்களின் ஆராய்ச்சி என்று ஒதுங்குவோர் உளர். பெருங்காடுகளையும் கடற்கரைகளையும் காப்பதற்கு அவர்களது முயற்சி வேண்டியதே. ஆனால், ஒரு வளவின் நான்கெல்லை அதில் வாழும் குடும்பத்தின் கையிலேயே உள்ளது. அதைப் பேணுவதற்குச் சட்டமும் நிதியும் தேவையில்லை; நாள்தோறும் சற்று நேரம் அதனருகே நின்று பார்க்கும் வழக்கமே போதும். பார்த்து மகிழ்ந்தவர் அதனை எளிதில் வெட்டிவிட மாட்டார்.

ஐப்பசி மழைக்கு முந்திய நாள்கள் கதியால் நடுவதற்கு உகந்தவை. அயல் வீட்டில் கழித்துப்போட்ட தடிகள் ஒழுங்கையோரத்திற் கிடக்குங் காலமும் அதுவே. அவற்றுள் ஒன்றை எடுத்து வளவின் ஓரத்தில் ஊன்ற விரும்புவோர் தை பிறக்குமுன் அதன் முதற்றளிரைக் காண்பர்.