முதல் குற்றத்திற்குச் சிறையா? சங்கம் பிணை நின்றது ஏன்?

(மும்பை தாராவியில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருட்டுப் பொருள் வாங்கிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான நம் பகுதிப் பையனுக்கு, சென்ற மாதம் நம் சங்கத்தார் கோர்ட்டில் பிணை நின்றார்கள். ஏன் நின்றோம் என்று சிலர் நேரில் கேட்டீர்கள். சிலர் டீக்கடையில் கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான். சங்கத்தின் பெயர் உங்கள் பெயர் அல்லவா?

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. பையன் பங்கார் கடையில் தராசு பிடிப்பவன். முதலாளி இல்லாத நேரத்தில் ஒருவன் கோணிப்பையில் பதினொரு பித்தளைக் குழாய்களைக் கொண்டுவந்து பாதி விலைக்குக் கொடுத்தான். இவன் வாங்கிப் போட்டான். அவை யாருடைய குழாய்கள்? நம் பொதுக் கக்கூசிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கழற்றியவை! மூன்று நாள் நம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்கு அலைந்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "ஏண்ணே, எங்க வயித்தெரிச்சல் உங்களுக்குத் தெரியாதா? திருட்டுச் சாமான் வாங்கினவனுக்கு நம்ம சங்கமா ஜாமீன்?" என்று கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அவன் குற்றமற்றவன் என்று நாங்கள் வாதாடவில்லை. பாதி விலைக்கு வரும் பித்தளை நேர்வழியில் வந்திருக்காது என்பது தராசு பிடிப்பவனுக்குத் தெரியும். அவனே எங்களிடம் ஒப்புக்கொண்டான். திருடியவன் அகப்படவில்லை. முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்று கைகழுவினார். மாட்டியது பத்தொன்பது வயதுப் பையன் மட்டும்.

இந்தக் குற்றத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நியாய சன்ஹிதாவில் இது 317ஆம் பிரிவு. தண்டனையின் அளவு அதேதான். ஆனால் திருட்டுச் சரக்கையே வழக்கமான வியாபாரமாக நடத்துகிறவனுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. ஒருமுறை தவறியவனும் அதையே பிழைப்பாகக் கொண்டவனும் ஒன்றல்ல என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. "திருடன் திருடன்தானே" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்கும் மேலே, 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், குற்றவாளியை உடனே சிறைக்கு அனுப்பாமல், 3 ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. 21 வயது நிரம்பாதவன் என்றால் 6ஆம் பிரிவு இன்னும் வலுவானது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, காரணத்தை எழுதி வைக்காமல் சிறைக்கு அனுப்பவே கூடாது.

அப்படியானால் நம் பையனுக்கு என்ன தடை? இங்கேதான், தோழர்களே, நாம் பிழைக்க வந்தவர்கள் என்பது குறுக்கே வருகிறது. பத்திரத்தில் விடுவதற்கு, குற்றவாளிக்கோ அவனுக்குப் பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்று அதே 4ஆம் பிரிவு கேட்கிறது. கைதான அன்றே பையனின் வேலை போயிற்று. குடியிருப்பது மாமன் பெயரில் உள்ள அறை. காகிதம் எதுவும் இவன் பெயரில் இல்லை. நிலமும் வீடும் திருநெல்வேலிப் பக்கம். இதனால்தான் முதலில் ஜாமீனுக்கும் ஆள் கிடைக்காமல் நாற்பத்தேழு நாள் உள்ளே கிடந்தான். இட்லி விற்கிற அவன் தாயார் கோர்ட் வாசலில் எத்தனை நாள் நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கு இழுத்து இழுத்துத் தீர்ப்பு வரும்போது அவனுக்கு 22 வயது. தீர்ப்பு நாளின் வயதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 6ஆம் பிரிவின் பாதுகாப்பு அப்படியே நழுவிப் போயிற்று.

இது புதிய கதையல்ல. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவர் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பிணையை ஏற்க மறுத்தார். 1978இல் அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்ன நீதிபதி கிருஷ்ணய்யர், ஒரு தமிழனோ மலையாளியோ வடக்கே தொலைதூர ஊரில் கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவான் என்ற கருத்தில் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நம்மைப் பற்றித்தான்!

ஆகவே தீர்ப்பு நாளில் நம் உறுப்பினர் இருவர் சம்பளச் சீட்டோடும் வாடகை ரசீதோடும் போய் நின்றார்கள். 4ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பத்திரம். 5ஆம் பிரிவின்படி குழாய்களுக்கு நஷ்டஈடு. அதை அவன் மாதத் தவணையில் கட்டுகிறான். சிறைக்குப் போயிருந்தால் குழாயடிக்கு ஒரு காசு வந்திருக்குமா? கேள்வி கேட்ட அக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். அவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம்.

பையன் முற்றாகத் தப்பிவிட்டதாகவும் நினைக்காதீர்கள். பத்திரத்தை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை உண்டு. இந்தத் தீர்ப்பால் தகுதி இழப்பு வராது என்று 12ஆம் பிரிவு சொன்னாலும், குற்றவாளி என்ற தீர்ப்பு அழிவதில்லை.

பங்கார் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பதால் சொல்கிறோம்: ரயில்வே இரும்பைத் தொடாதீர்கள்! அதற்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை. தனிக் காரணம் இல்லாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாது. நேர்மையாக வந்த பொருள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

நம் பிள்ளை யாராவது கைதானால், "ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடு" என்று சொல்லும் தரகரிடம் போகாதீர்கள். காவலில் இருப்பவருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். வயதுச் சான்றையும் பள்ளிச் சான்றையும் ஊரிலிருந்து வரவழைத்து வையுங்கள். 21 வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு வாய்தாவும் முக்கியம்.

இப்போது பிணை நிற்கச் சம்மதித்திருப்பவர்கள் நான்கு பேர். இன்னும் ஆறு பேராவது வேண்டும். நிரந்தர வேலையும் வாடகை ரசீதும் உள்ளவர்கள், யாருக்காக நிற்கிறோம் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.