விதையாது முளைத்தவை

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்து வளவுகளில் ஒரு புதுமை நிகழ்கின்றது. கத்தரிப் பாத்தியைப் பார்க்கச் செல்லும் வீட்டார், நடாத கன்றுகள் பல அதனைச் சூழ்ந்து நிற்கக் காண்கின்றனர். அடுக்களைக் கழிவுநீர் ஓடும் இடத்திலே தக்காளி, குப்பை மேட்டிலே பூசணி, மதிலோரத்திலே வேப்பங்கன்றுகள். இவற்றை விதைத்தவர் எவர்?

காகமும் குயிலும் வேப்பம்பழத்தை உண்டு, கொட்டையைத் தாம் இருந்த கிளையின் கீழ் இட்டுச் செல்கின்றன. இலுப்பையும் புன்னையும் வௌவாலின் கைங்கரியம். எருக்கம் விதைக்குப் பட்டுப் போன்ற குடுமி உண்டு. அதற்குக் காற்றே வண்டி. வேறு சில ஆட்டெருவோடு வந்தவை. அல்லது மண்ணுள் நெடுநாட் கிடந்து, மண்வெட்டி புரட்டியபோது வெளிச்சம் கண்டவை.

தானாக வந்தது என்பதற்காகவே பிடுங்கி எறிவது பலரது வழக்கம். கீழ்க்காய்நெல்லியை அவ்வாறு எறிந்துவிட்டு, காமாலை கண்டபின் அதனையே ஊரெல்லாம் தேடுவோர் உளர். வேலியிற் படரும் முசுட்டையின் இலை வறைக்கு உதவும். பப்பாசியின் கதை வேறு. கன்று ஆணோ பெண்ணோ என்பது பூக்கும்வரை தெரியாது. மாதக்கணக்காக நீர் வார்த்தபின், நீண்ட காம்பிலே கொத்துக் கொத்தாகப் பூத் தொங்கினால் அது ஆண். வீட்டம்மாவின் முகம் வாடிவிடும். அனுபவசாலிகள் மூன்று நான்கு கன்றுகளை விட்டுவைப்பது இதனாலேயே.

கிணற்றுக் கட்டில் முளைத்த ஆலங்கன்றுக்கு இத்தகைய பொறுமை ஆகாது. விரலளவாக இருக்கும்போதே வேரொடு களையாவிடின் கட்டுப் பிளந்துவிடும்.

இவை யாவும் பழகிய முகங்கள். பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஒன்று உண்டு, அதுவே பார்த்தீனியம். அமெரிக்க வெப்பவலயத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1999ஆம் ஆண்டளவில் வவுனியாப் பகுதியில் இனங்காணப்பட்டது; யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் பரவியது. இளங்கன்றின் இலை செவ்வந்தி இலையை ஒத்திருப்பதால், பூஞ்செடியென எண்ணி ஏமாறுவது எளிது. முளைத்து ஒரு மாதம் சற்றுக் கடந்ததும் வெண்பொட்டுப் போன்ற சிறு பூக்கள் தோன்றும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் சொரியவல்லது. அதன் பூந்தூள் சிலருக்குத் தும்மலையும் மூச்சிழுப்பையும் தரும்; இலை பட்ட தோலிலே கடும் சொறி உண்டாகும். மாடு தின்றால் பாலும் கசக்கும். வாயிலிலே நீர் வார்த்து வளர்க்கத் தக்க விருந்தாளியன்று!

பூக்குமுன், மண் ஈரமாயுள்ள வேளையிலே, கைக்கு உறையிட்டு வேரொடு பிடுங்குதல் வேண்டும். மேலே வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். பூத்த செடியை எருக்குழியிற் போடலாகாது. அடுத்த ஆண்டு அவ்வெருவே அதனைத் தோட்டமெங்கும் விதைத்துவிடும். வெளியூர் எருவோ மணலோ இறக்கிய இடத்தை மழைக்குப்பின் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் நன்று. முதற் கன்று அங்கேதான் தலைகாட்டக்கூடும்.