ஊர் சுற்றி வந்த பிள்ளைக்கு

படிப்பு முடிந்ததும், அல்லது பார்த்த வேலையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் ஊர் சுற்றி வரும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். என் மகனும் வடக்கே போய்த் திரும்பியவன்தான். வந்தவனிடம் சொந்தபந்தம் எல்லாம் கேட்டது, "அடுத்து என்ன தம்பி?" அவனிடம் பதில் இல்லை. அதில் தப்பும் இல்லை. பார்த்ததெல்லாம் மனசில் படிய நாள் பிடிக்கும்.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, போய் வந்த இடங்களைப் பற்றிப் பொறுமையாகப் பேச வேண்டும். நான் அவன் கைபேசிப் படங்களை வாங்கிப் பார்த்தேன். ஜெய்ப்பூர் அரண்மனை பேருக்குத்தான் இருந்தது. அகமதாபாத் பக்கத்து அடாலஜ் படிக்கிணறோ, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஐந்து தளம் கீழே இறங்கும் படிகள், தூண்களில் கொடியும் பூவுமாகச் செதுக்கல், அடியில் பாசி பிடித்த தண்ணீர். அப்புறம் பாட்டன் ஊரின் ராணி கி வாவ் என்ற படிக்கிணறு. அப்புறம் ராஜஸ்தானில் ஆல்வார் பக்கம், பிறை போல வளைந்த ஒரு மண்கரை. "இங்கே எதுக்குப்பா இவ்வளவு நேரம் நின்னே?" என்றேன். அரைமணி நேரம் பேசினான். நம் பிள்ளை எங்கே தானாக நின்றான் என்பதைத்தான் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த மண்கரைக்கு ஜோஹட் என்று பெயர். ஓடும் மழைநீரை மறித்துத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும். சுற்றுவட்டக் கிணறுகளில் நீர் ஏறும். ராஜேந்திர சிங் என்ற ஆயுர்வேத மருத்துவர் 1985-இல் அரசு வேலையை விட்டுவிட்டு, நண்பர்களோடு ஆல்வார் மாவட்டத்துக்கு வந்தார். வைத்தியம் பார்க்கலாம், எழுத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது எண்ணம். எங்களுக்கு வேண்டியது தண்ணீர் என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். படித்தவர், அந்தக் கிழவர் பேச்சைக் கேட்டு மண்வெட்டி எடுத்தார். ஒரு கரை பல கரையாகி, வறண்டு கிடந்த அர்வரி ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓடியது. 2001-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. விருதை விட, அவர் அன்று காது கொடுத்துக் கேட்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதனால் மகனிடம் சொன்னேன்: "தண்ணீர்தான் உன் மனசில் நிற்கிறதென்றால், நம்ம ஊர்க் கண்மாயிலிருந்து தொடங்கு. நீர்பாய்ச்சி ஐயா கூடவே ஒரு மழைக்காலம் முழுக்க நில்." எங்கள் சிவகங்கைச் சீமையில் கண்மாய் நம்பித்தான் வெள்ளாமை. வரத்துக்காலில் எங்கே கருவேலம் அடைத்திருக்கிறது, மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதல் முறை, கலுங்கு வழியே வெளியேறும் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதெல்லாம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுப் பாய்ச்சும் அந்த ஐயா நினைவில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் சண்டை வராமல் பங்கு வைப்பதை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொள்ள முடியும்? ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே கரையில் நின்றால்தான், அந்த ஆசை வேடிக்கை பார்த்த ஆசையா, வேலை செய்யும் ஆசையா என்பது அவனுக்கே தெரியும்.

"சோற்றுக்கு என்ன வழி?" என்று அவன் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டுச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, வண்டிக்குப் பெட்ரோலும் கைச்செலவும் அவன் பொறுப்பு என்று பேசி முடித்தோம். சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். தை அறுப்பு முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து மறுபடி பேசுவதாக ஏற்பாடு. நீரியல் மேற்படிப்பா, வேறு உத்தியோகமா என்பதை அப்போது அவன்தான் சொல்ல வேண்டும்.