அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு டோக்கன்



சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடிக்கு விருந்தாளியாகப் போகிறவர், மின்தூக்கியைப் பார்ப்பதற்கு முன் காவலர் கூண்டைப் பார்த்தாக வேண்டும். ஐ.சி. கேட்பார்கள். முன்பெல்லாம் நீளமான நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். இப்போது பல இடங்களில் இணையச் செயலியில் பதிகிறார்கள். அந்த எண் எங்கே போகிறது, எத்தனை நாள் அங்கே இருக்கும் என்று கேட்பவர் குறைவு. பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கும்போது எப்படிக் கேட்பது?

மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்கள் வெறும் வரிசை எண் அல்ல. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம்: 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டையை ரத்து செய்து வேறு வாங்கலாம். பிறந்த தேதியை யார் மாற்றித் தருவார்?

2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே போய்விட்டன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள் தொகையைவிடப் பெரிய கணக்கு அது! கோப்புகளில் இருந்த தேதிகள் 2014ஐக் காட்டின. அன்று கசிந்த அடையாள அட்டை எண்கள் இன்றும் அதே ஆட்களின் எண்கள்தாம்.

இதற்கு ஒரு வழிதான் டோக்கன் முறை. கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்தால் ஒரு வில்லை தருவார்கள். வில்லையைப் பார்த்து அது தோல் செருப்பா, ரப்பர் செருப்பா என்று சொல்ல முடியாது. வில்லையைக் கண்டெடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது காலில் ஏறாது.

இணையச் செயலியிலும் இதே கதைதான். படிவத்தில் எண்ணைத் தட்டியதும், அது தரவுத்தளத்துக்குப் போகும் முன் நடுவில் ஓர் இடைமென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. உண்மை எண்ணைப் பூட்டிய தனிப் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டு, தொடர்பே இல்லாத வேறோர் எண்ணைச் செயலிக்குக் கொடுக்கிறது. திருடன் செயலியின் தரவுத்தளத்தை அள்ளிப் போனாலும் கையில் கிடைப்பது வில்லைகள் மட்டுமே. பெட்டகத்தைத் திறக்க யாருக்கு அனுமதி, யார் எப்போது திறந்தார் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். அங்கே கோட்டை விட்டால் எல்லாம் வீண்.

கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிறந்தநாள் கேக் வெட்டிய படம் பேஸ்புக்கில் இருக்கிறது. பிறந்த மாநிலமும் அதிலேயே இருக்கிறது. மீதி 4 இலக்கத்தை ரசீதில் அச்சடித்துக் கொடுத்தால் எண் முழுமையாகிவிடும்! அந்த 4 தெரியாவிட்டாலும், மொத்தம் 10,000 வாய்ப்புகள்தான். ஆணா பெண்ணா என்று தெரிந்தால் 5,000. கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை. அதனால்தான் வில்லை எண்ணை அட்டை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு உருவாக்கக்கூடாது. குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும்.

வங்கி அட்டைகளில் இது ஏற்கெனவே நடைமுறை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் அங்குள்ள இணையக் கடைகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க முடியாது, டோக்கன்தான். வங்கி அட்டைக்குக் கிடைத்த இந்த மரியாதை அடையாள அட்டைக்கும் கிடைக்கலாமே!

மலேசியாவின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. தேவைக்கு மேல் தகவலை வைத்திருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. 2024இல் திருத்தம் செய்து, உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

காவலர் கூண்டுக்குத் தேவையானது வந்தவர் எந்த வீட்டுக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதுதான். அதற்கு ஒரு வில்லை போதும். புதிய மென்பொருள் வாங்கும் குடியிருப்பு நிர்வாகம், பழைய எக்செல் கோப்புகளையும் நகல்களையும் மறக்காமல் அழிக்க வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த நோட்டுப் புத்தகங்களையும்தான்.